உஷார்! தொட்டியில் கொட்டிய பூசணம் பால் தம்ளருக்கு வரும்

நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை மாட்டுக்கு அரைத்து வைக்காதீர்கள். ஆட்டுக்கும் வைக்காதீர்கள், கோழிக்கும் இறைக்காதீர்கள். பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் தை, மாசியில் அறுப்பு நடக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். அந்தப் பூசணம் விடும் நஞ்சு மாட்டின் வயிற்றோடு நின்றுவிடுவதில்லை. இன்று காலையில் தின்றது நாளைக் காலைக் கறவைக்குள் பாலில் இறங்கிவிடும். அந்தப் பாலை எத்தனை தடவை பொங்க வைத்தாலும் நஞ்சு போகாது.

அதன் பெயர் அஃப்ளாடாக்சின். அஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ் என்ற பூஞ்சை உண்டாக்குகிற நஞ்சு இது. மஞ்சளும் பச்சையும் கலந்த தூள்போல மணியின் முளைப்பக்கத்தில் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்தால் தள்ளிவிடலாம். தெரியாமலும் இருக்கும் என்பதுதான் பெரிய ஆபத்து. வெயிலில் காய்ந்து, தூள் உதிர்ந்து, மணி பார்வைக்குச் சுத்தமாகிவிடும். உள்ளே ஊறிய நஞ்சு அப்படியே இருக்கும். கழுவினாலும் போகாது, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

இந்தப் பூஞ்சைக்கு நம் மண் ரொம்பவே தோதான மண். கரிசலில் எல்லாமே மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் வெள்ளாமை. மழை முன்னதாக ஓய்ந்துபோய், கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் வாடி நின்றால், மண்ணில் எப்போதும் கிடக்கும் இந்தப் பூஞ்சைக்கு அதுவே நல்ல சமயம். வாடிய பயிருக்கு எதிர்த்து நிற்கத் தெம்பில்லை. 2018-ல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் படைப்புழு புகுந்தது நினைவிருக்கும். புழு கடித்துத் துளைத்த கதிரில் பூஞ்சை நுழைய வேறு வாசலே வேண்டாம். காய்ச்சலும் புழுவும் பாதி வேலையை முடித்து வைத்த பிறகு, அறுப்பு நேரத்தில் மழை கொட்டினால் மீதியும் முடிந்தது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிக் கொட்டிய மழையை இந்தப் பக்கத்துச் சம்சாரி எவரும் மறந்திருக்க மாட்டார். தென் மாவட்டங்கள் முழுக்க அறுப்புக்கு நின்ற மக்காச்சோளமும் உளுந்தும் செடியிலேயே முளைவிட்டன.

நனைந்த சோளம் அப்புறம் எங்கே போகிறது என்று பாருங்கள். கோழித் தீவன ஆலைக்கு வாங்க வரும் வியாபாரி ஈரப்பதக் கருவியோடு வருகிறார். கையில் அள்ளிப் பார்க்கிறார், மணி கறுத்திருந்தால் விலையைக் குறைக்கிறார், பூசணம் தெரிந்தால் வேண்டாம் என்கிறார். ஆலை வாசலில் மறுபடியும் ஒரு பரிசோதனை. பண்ணைக் கோழி பூசணத்தைத் தாங்காது, செத்தால் முதல் நஷ்டம் என்பதால் இவ்வளவு கவனம். அவர்கள் கழித்துப்போட்ட மூட்டை நம் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வருகிறது. தூக்கிப் போட மனசு வருமா? உழவும் விதையும் உரமும் மருந்தும் கூலியும் போட்டு விளைந்தது. 'மனுசனுக்கு ஆகாட்டி மாட்டுக்கு ஆகும்' என்று அரவை மில்லுக்குக் கொண்டுபோய், தவிட்டோடும் புண்ணாக்கோடும் கலந்து தொட்டியில் கொட்டிவிடுகிறோம். ஆலைக்காரர் தன் கோழிக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை நம் பசுவுக்கு வைக்கிறோம். அந்தப் பசுவின் பாலைத்தான் நம் பிள்ளை குடிக்கிறது.

பசுவுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். பூசண வாடை வந்தால் மாடு மூஞ்சியைத் திருப்பும். மூச்சு விட்டு ஊதித் தள்ளும். தும்பு அவிழ்த்துவிட்ட மாடு வேறு புல்லைத் தேடிப் போய்விடும். கட்டிப்போட்ட மாட்டுக்கு அந்த வழி இல்லை. நாமும் விடுவதில்லை, உப்பும் வெல்லப்பாகும் கழுநீரும் கலந்து வாடையை மறைத்துக் குடிக்க வைக்கிறோம். பசி பொறுக்காமல் அது குடித்துவிடுகிறது. வாயில்லாச் சீவன் என்று சொல்லிக்கொண்டே, வேண்டாம் என்று அது தன் வாயால் காட்டிய பிறகும் அதைக் கேட்காமல் இருப்பது கொடுமை. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் தன் 11-ஆம் பிரிவில், கேடு செய்யும் பொருளை வேண்டுமென்றே விலங்குக்குப் புகட்டுவதைக் குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. எந்தச் சம்சாரியும் வேண்டுமென்று இதைச் செய்வதில்லை. தெரியாமல்தான் செய்கிறோம். அதனால்தான் இதைத் தெரியப்படுத்த வேண்டியிருக்கிறது.

நஞ்சு முதலில் ஈரலைப் பிடிக்கும். மாடு தீவனம் எடுப்பது குறையும், பால் வற்றும், ரோமம் மினுமினுப்பு இழந்து சிலிர்த்து நிற்கும். கழிச்சல் விட்டுவிட்டு வரும். சினை நிற்காது, நின்றாலும் கன்று வீசக்கூடும். நோய் எதிர்க்கும் சக்தி குறைவதால் தடுப்பூசி போட்டும் நோய் தாக்கலாம். பெரிய மாடு ஓரளவு தாங்கும், கன்றுக்குட்டி தாங்காது. கோழிக்குஞ்சும் வாத்தும் இன்னும் மோசம். மாடு மெலிகிறது என்று பூச்சி மருந்து கொடுப்போம், கண்ணேறு கழிப்போம், சத்து டானிக் வாங்குவோம். நோய்க்குக் காரணம் தினமும் இரண்டு வேளை தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும்.

உலகத்துக்கு இந்த நஞ்சு தெரியவந்ததே கால்நடைத் தீவனத்தால்தான். 1960-ல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சம் வான்கோழிகள் சில மாதங்களில் செத்து விழுந்தன. காரணம் புரியாமல் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் குற்றவாளி பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கு. அதிலிருந்த பூசண நஞ்சைப் பிரித்தெடுத்தபோதுதான் அஃப்ளாடாக்சின் என்ற பெயரே பிறந்தது.

நம் நாட்டில் நடந்தது இன்னும் கொடூரம். 1974-ன் கடைசி மாதங்களில் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் மாவட்டங்களில் பழங்குடிக் கிராமங்களில் காமாலையும் வயிற்றில் நீர் கட்டும் நோயும் பரவின. மருத்துவமனைக் கணக்கில் வந்த 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, அந்த மக்களுக்கு முக்கிய உணவு மக்காச்சோளம், அறுப்புச் சமயத்தில் பருவம் தப்பிய மழை, சரியாகக் காயாமல் குதிரில் போட்ட தானியம் என்று எல்லாம் வெளிவந்தது. அந்த வீடுகளின் நாய்களும் அதே ரொட்டியைத் தின்று அதே நோயில் செத்திருந்தன. மனிதர் சாவதற்கு முன்பே நாய்கள் சாகத் தொடங்கியிருந்தன. அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள அன்று யாருக்கும் தெரியவில்லை. நம் ஊரில் ஒரு வீட்டுக் கோழிகள் வரிசையாகத் தலை சாய்ந்தால் வெள்ளைக் கழிச்சல் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், அன்றைக்கு இறைத்த தானியத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் நம் வீடுகளில் யாரும் மக்காச்சோளத்தை மூன்று வேளையும் தின்பதில்லை, பிறகு நமக்கென்ன என்று தோன்றலாம். நமக்கு அது பாலாக வருகிறது.

மாடு தின்ற நஞ்சை அதன் ஈரல் வேறு வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்கு அஃப்ளாடாக்சின் எம்1 என்று பெயர். தின்றதில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு, நிறையப் பால் கறக்கும் கலப்பின மாடாக இருந்தால் ஆறு பங்கு வரைகூட, பாலில் இறங்கும். கறவை கூடக்கூட இறங்கும் அளவும் கூடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று முதல் வகையில் வைத்திருக்கும் பொருள்களில் அஃப்ளாடாக்சினும் ஒன்று. ஈரல் புற்றுதான் முதல் பயம். மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் இருப்பவருக்கு ஆபத்து பல மடங்கு. உடம்பின் எடைக்குப் பார்த்தால் வீட்டில் அதிகம் பால் குடிப்பது கைக்குழந்தைதான். நஞ்சின் பங்கும் அதற்கே அதிகம்.

இது ஏதோ வெளிநாட்டுக் கதை இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகள் எடுத்துப் பரிசோதித்தது. முடிவு 2019 அக்டோபரில் வெளியானது. எல்லோரும் பாலில் தண்ணீர், யூரியா, சோப்புத்தூள் என்று பயந்துகொண்டிருந்தோம். அப்படிக் கலப்படம் செய்த மாதிரிகள் கையளவுதான். அனுமதித்த அளவுக்கு மேல் அஃப்ளாடாக்சின் எம்1 இருந்தவை 368. மாநில வாரியாக எண்ணிக்கையைப் பார்த்தால் முதல் இடத்தில் தமிழ்நாடு நின்றது: 551 மாதிரிகளில் 88. டெல்லியில் 262-க்கு 38, கேரளத்தில் 187-க்கு 37. நம் மாநிலத்தில் எடுத்த ஆறு மாதிரியில் கிட்டத்தட்ட ஒன்று. கறந்த பாலைவிட, பதப்படுத்தி விற்ற பாலில்தான் இது அதிகம் இருந்தது. 368-ல் 227 பதப்படுத்திய பால். பாக்கெட் பால் வாங்கினால் தப்பித்தோம் என்று நினைக்க இடமில்லை. ஆலையில் சூடாக்குவது கிருமியைக் கொல்லும், இந்த நஞ்சை ஒன்றும் செய்யாது.

பால் வியாபாரி செய்யும் கலப்படத்தைச் சட்டம் போட்டுப் பிடிக்கலாம். இது மாட்டின் உடம்பு வழியாக வருகிற கலப்படம். லாக்டோமீட்டரில் தெரியாது. நம் ஊர்ப் பால் சங்கத்தில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப். என்ற இதரச் சத்தையும் பார்த்து விலை போடுகிறார்கள். நஞ்சு இருக்கும் பாலும் இல்லாத பாலும் அந்தக் கருவிக்கு ஒன்றுதான். மாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவருக்கும், மலிவாகக் கிடைத்த கழிவுச் சோளத்தைப் போட்டுக் கறக்கிறவருக்கும் ஒரே விலை. நல்ல தீவனத்துக்குச் செலவழித்தவர்தான் நஷ்டப்படுகிறார். இந்த அநியாயத்தைப் பால் ஒன்றியங்கள் சரி செய்ய முடியும். கேனில் வரும் பாலை எம்1-க்கு அவ்வப்போது சோதிக்கும் பட்டைகள் சந்தையில் உண்டு. எந்த ஊர்ப் பாலில் கூடுகிறது என்று தெரிந்தால் அந்த ஊர்த் தீவனத்தைப் போய்ப் பார்க்கலாம். தண்டிப்பதற்காக அல்ல, மூட்டையை மாற்றிக் கொடுப்பதற்காக.

செர்பியாவில் 2012-ல் கடும் வறட்சி. காய்ந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை ஏறியது, மாட்டுத் தீவனத்துக்குப் போனது. 2013 தொடக்கத்தில் கடைப் பாலில் எம்1 அளவு மீறியிருப்பது தெரிந்து நாடே கலங்கியது. அரசு என்ன செய்தது தெரியுமா? கிலோவுக்கு 0.05 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பைப் பத்து மடங்கு உயர்த்தி 0.5 ஆக்கியது. நம் நாட்டு வரம்பு 0.5-தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 0.05-ல் நிற்கின்றன. அந்தத் தளர்ந்த வரம்பையே நம் 88 மாதிரிகள் தாண்டியிருந்தன. வறட்சி நம்மை வருஷந்தோறும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி என்பதால் செர்பியாவின் கதை கரிசல்காட்டுக்காரர் காதில் உரக்க விழ வேண்டும்.

நம் மாவட்டத்தின் பெருமை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, அடுப்பில் கிண்டிக் கிண்டி நீரை வற்ற வைத்து எடுக்கிற பண்டம். நீர் ஆவியாகும், நஞ்சு ஆவியாகாது. பாலில் ஒரு சொட்டு இருந்தால் கோவாவில் அது செறிந்து நிற்கும். பன்னீருக்கும் இதே கதிதான், எம்1 பாலின் கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். பால்கோவாவின் பேரைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் கிண்டுகிற கையை மட்டும் பார்த்தால் போதாது. பால் வருகிற ஊர்களில் மாடு என்ன தின்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

கறிக்கு இந்த அளவு ஆபத்து இல்லை, சதையில் நஞ்சு அதிகம் தங்குவதில்லை. ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும். பிள்ளைகளுக்கும் பிரசவித்தவர்களுக்கும் தேடித் தேடி ஊட்டுவது ஆட்டு ஈரலைத்தான். வளர்க்கும் கிடாய்க்கு என்ன போட்டு வளர்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். முட்டையில் மிகக் குறைவு.

பழைய தீவனம் எல்லாம் பத்திரம், புதுசாக வந்த மக்காச்சோளம் மட்டும்தான் விஷம் என்று நான் சொல்லவில்லை. பருத்திக்கொட்டையிலும் கடலையிலும் இதே பூஞ்சை ஏறும். சொல்லப்போனால் கடலைப் புண்ணாக்குதான் இன்னும் உஷாராகப் பார்க்க வேண்டியது. நல்ல பருப்பு கடைக்கும் மிட்டாய்க்கும் போகிறது; சுருங்கியது, கறுத்தது, முளைத்தது, வண்டு ஓட்டை போட்டது எல்லாம் ஒதுங்கி ஆட்டுவதற்கு வந்து சேரலாம். ஆட்டும்போது நஞ்சின் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கிவிடும். சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் இருக்கும். ஆகவே சொந்தக் கடலையை ஆட்டக் கொடுப்பவர்கள் சொத்தையைப் பொறுக்கிவிட்டுக் கொடுங்கள், எண்ணெய் உங்களுக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, இரண்டுக்கும் நல்லது. கடையில் வாங்கும் புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை, உள்ளே பச்சைப் புள்ளி, கட்டி கட்டியாகப் பிடித்திருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முன்பு இந்தப் பக்கத்து மாடு தொட்டியை மட்டும் நம்பி இருக்கவில்லை. அறுத்த காட்டில் மேயும், சோளத்தட்டையும் கடலைக்கொடியும் உளுந்தம்பொட்டும் தின்னும். ஒரே மூட்டையில் நாலு மாதம் ஓட்டும் நிலை இல்லாததால் ஒன்றில் பூசணம் இருந்தாலும் மொத்தமாக உடம்பில் ஏறாது. தெற்கே வேம்பூர் பக்கத்துச் செம்பொட்டு ஆடுகளும், நம் கன்னி ஆடுகளும் இன்றும் நடந்து மேய்ந்து, தழையை முகர்ந்து தேர்ந்து தின்று வளர்கின்றன. அந்தக் கறிக்கு இருக்கும் மவுசுக்கு அந்த நடையும் மேய்ச்சலும் காரணம். இன்று நாலுவழிச் சாலையும் குவாரியும் வீட்டுமனையும் சீமைக்கருவேலமும் மேய்ச்சல் காட்டைத் தின்றுவிட்டன. மாடு தொழுவிலேயே நிற்கிறது. நிற்கிற மாட்டுக்கு நாம் வைப்பதுதான் உலகம். ஆகவே நம் பொறுப்பு கூடியிருக்கிறது.

ஆட்டுக்காரர்களுக்குத் தனியாக இரண்டு சொல். மக்காச்சோளம் அறுத்த காட்டில் கிடை போடும் முன்னால் நடந்து பாருங்கள். மழையில் விழுந்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிவிடுங்கள். பூசணம் ஒரு பக்கம்; பசித்த ஆடு சிந்திய மணியை அளவில்லாமல் தின்றால் வயிற்றில் அமிலம் ஏறி ஒரே ராத்திரியில் பத்து உருப்படி படுத்துவிடும். மருந்து அடித்த காடா என்று காட்டுக்காரரிடம் கேட்காமல் ஆட்டை இறக்கவும் கூடாது. வறட்சியில் வாடிக் குருத்து விடும் இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு இருப்பதைப் பெரியவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். இளைய கையில் கம்பு வந்திருக்கும் வீடுகளில் அதையும் சொல்லிக் கொடுங்கள்.

பால் கெடும் இன்னொரு வழியும் தொழுவில்தான் தொடங்குகிறது. சாணியும் மூத்திரமும் தேங்கிய தரையில் படுக்கும் மாட்டுக்கு மடிநோய் வரும். மடி வீங்கித் துடிக்கும் மாட்டின் வேதனை கறக்கிறவர் கைக்குத் தெரியும். ஊசி போடுவோம், சரியாகிவிடும். ஊசி போட்ட நாள்களில் கறந்த பாலைக் கொட்டிவிட வேண்டும் என்று மருந்தின் உறையிலேயே போட்டிருக்கும், டாக்டரும் சொல்வார். கொட்டுகிறோமா? மேலே சொன்ன 2018 பால் ஆய்வில் 77 மாதிரிகளில் வரம்புக்கு மேல் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது. காய்ந்த தரை, கறக்கும் முன்னும் பின்னும் மடியைக் கழுவித் துடைப்பது, முதல் பீச்சைத் தனிக் கிண்ணத்தில் பீச்சித் திரி திரியாக வருகிறதா என்று பார்ப்பது, இவ்வளவு செய்தாலே பாதி ஊசி மிச்சம்.

இனி மக்காச்சோளத்துக்கு வருவோம். பூசணத்தைத் தடுப்பது களத்தில்தான் முடியும், தொட்டியில் முடியாது. மதுரை–தூத்துக்குடி சாலையின் ஓரத்தில் காயப்போட்டு, லாரி ஏறி நொறுங்கிய மணிக்குத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். தோல் உடைந்த மணிக்குக் காவல் இல்லை. தார்ப்பாய் விரித்து, மெல்லிய படலமாகப் பரப்பி, நாளுக்கு நாலைந்து தடவை கிளறிக் காயவையுங்கள். சாயங்காலம் கூட்டி மூடுங்கள், பனி இறங்க விடாதீர்கள். ஈரம் நூற்றுக்கு 12-க்குக் கீழே வர வேண்டும், கடலை என்றால் 8. கருவி இல்லாதவர்கள் பல்லில் கடித்துப் பாருங்கள். நசுங்கினால் காயவில்லை, கடுக்கென்று உடைந்தால் ஓரளவு காய்ந்தது. மூட்டையைத் தரையில் நேராக அடுக்காமல் பலகையோ கட்டையோ போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். காயாததை யூரியா சாக்கில் கட்டி வைத்தால் உள்ளே வெந்துபோகும். பழைய பூசணச் சாக்கை உதறிவிட்டுத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மாவாக அரைத்துவிட்டால் கெடுவது இன்னும் வேகம், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். தொட்டியின் அடியில் தங்கிப் புளித்த மண்டியைத் தினமும் சுரண்டிக் கழுவுங்கள்.

கொஞ்சம்தான் கெட்டிருக்கிறது என்றால் சுளகில் புடைத்து, நொறுங்கியது, கறுத்தது, கனமில்லாதது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். நஞ்சின் பெரும்பகுதி அந்த மணிகளில்தான் இருக்கும். புடைக்கும்போது மூக்கில் துணி கட்டுங்கள், தூளை உள்ளே இழுத்தால் நெஞ்சுக்கு ஆகாது. மொத்தமும் கெட்டுவிட்டதென்றால் ஒரே வழிதான்: குழி தோண்டிப் புதையுங்கள், கோழி கிளறாத ஆழத்தில். நல்ல சோளத்தோடு கலந்து வீரியத்தைக் குறைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், நல்லதும் போய்விடும். 'டாக்சின் பைண்டர்' என்று கடையில் தூள் விற்கிறார்கள். பென்டோனைட் போன்ற களிமண் வகையும் ஈஸ்ட் உறையும் நஞ்சைக் குடலில் ஒட்டிப் பிடித்து வெளியேற்ற உதவும் என்பது உண்மை. கண்ணுக்குத் தெரியாத கொஞ்ச நஞ்சத்துக்கு அது கை கொடுக்கும், டாக்டரைக் கேட்டு அளவோடு சேர்க்கலாம். பச்சை பூத்த சோளத்தைத் தின்ன வைப்பதற்கான அனுமதிச் சீட்டாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கம்பெனித் தீவனம் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தயாரித்த தேதியும் பாருங்கள். மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2052, அஃப்ளாடாக்சின் பி1-க்கு 20 பி.பி.பி. என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒரு டன்னில் 20 மில்லிகிராம். 2020 ஜனவரியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைக் கட்டாயம் என்று உத்தரவிட்டுவிட்டு, அமலுக்கு வரும் தேதியைத் தள்ளிப் போட்டது. பாலை அளக்கச் சட்டம் இருந்து, அந்தப் பாலைக் கொடுக்கும் மாட்டின் தீவனத்தை அளக்கும் சட்டம் தள்ளிப் போனது எந்த ஊர் நியாயம்?

பாலை நிறுத்திவிடாதீர்கள், அதற்காக இதை எழுதவில்லை. கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து எம்1 இறங்கிவிடும். இவ்வளவு சீக்கிரம் சரியாகிற கேடு உணவு உலகில் அபூர்வம். சந்தேகம் வந்த அன்றே மூட்டையை மாற்றுங்கள், அந்த நாலு நாள் பாலை வீட்டுக் குழந்தைக்கோ சங்கத்துக்கோ கொடுக்காதீர்கள்.

தீவனத்தைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு கைப்பிடியில் நிறைய இருக்கும், அடுத்த கைப்பிடியில் இருக்காது. அதனால் பல மூட்டையில், மேலேயும் நடுவிலும் அடியிலுமாகக் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோவைக் காய்ந்த துணிப் பையிலோ காகித உறையிலோ கட்டி, என்ன தீவனம், எப்போது வாங்கியது என்று எழுதி அனுப்புங்கள். தெருவில் நாலு வீடு சேர்ந்து அனுப்பினால் செலவும் குறையும். காய வைப்பது, சேமிப்பது பற்றிய சந்தேகங்களுக்கு அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. மாடு தீவனம் எடுக்காமல் நின்றாலோ, கன்று வீசினாலோ 1962-க்குப் போன் போடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். டாக்டர் வந்ததும் மாட்டை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். தீவன மூட்டையையும் அவிழ்த்துக் காட்டுங்கள்.